வயதுக்கேற்ற அறியாமை

ஒரு குழந்தை பள்ளிக்கூடத்தில் சேர்வதற்கு அறிவு தேவையில்லை. அதை அங்கே போன பிறகு தருவதாக ஏற்பாடு. சேர்வதற்குத் தேவை காகிதம். பிறந்ததற்கு ஒரு காகிதம், ஊசி போட்டதற்கு ஒரு காகிதம், வீட்டில் குடியிருப்பதற்கு ஒரு காகிதம் என்று எல்லாம் ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது. மூன்று வருடங்களுக்கு முன் மேலதிகாரி ஒருவர் ஏதோ கருத்தரங்கத்துக்குப் போனார். வெறுங்கையோடு போன மனிதர், குழந்தைகளின் மனம் எப்படி வளர்கிறது என்பது பற்றி நான்கைந்து கொள்கைகளோடு திரும்பி வந்தார். கொண்டு வந்ததை எங்கேயாவது வைக்க வேண்டுமே! அதற்காக மூன்று மாடிக் கட்டடம் ஒன்றில் ‘குழந்தைகள் வளர்ச்சிநிலை உறுதிப்பாட்டு அலுவலகம்’ திறக்கப்பட்டது. அன்றிலிருந்து ஒவ்வொரு குழந்தையும், தான் குழந்தைதான் என்பதற்குச் சான்றிதழ் வாங்க வேண்டியதாயிற்று.

நான் குழாய் பழுது பார்க்கிறவன். என் மனைவி பிஸ்கட் கம்பெனியில் பாக்கிங் பிரிவில் இருக்கிறாள். எங்கள் மகளுக்கு ஐந்தரை வயது. பள்ளிப் பதிவேட்டுக்காக நல்ல பெயர் ஒன்று தனியாக வைத்திருக்கிறோம்; வீட்டில் வாலு. மனைவி காலை ஷிப்டுக்குப் போய்விட்டால் வாலு என்னோடு வேலைக்கு வந்துவிடுவாள். என் கருவிப் பையின் மேல் உட்கார்ந்துகொண்டு, கேட்கிற ஸ்பேனரை எடுத்துத் தருவாள். கேட்காத யோசனையும் தருவாள்.

அவளுடைய ஆசையெல்லாம் தெருமுனைப் பள்ளிக்கூடத்தின் மேல்தான். காலையில் மணி அடித்ததும் ஓடிப் போய் கேட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். உள்ளே பிள்ளைகள் வரிசையில் நின்றால் இவள் வெளியே நின்றபடி நிமிர்ந்து நிற்பாள். இந்த வருடம் இடமும் கிடைத்துவிட்டது. மாதக் கடைசி நாள் மாலை நான்கு மணிக்குள் வளர்ச்சிநிலைச் சான்றிதழைக் கொண்டு வந்து கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் அந்த இடம் அடுத்த குழந்தைக்குப் போய்விடும். இவள் இன்னும் ஒரு வருடம் என் கருவிப் பையின் மேல்.

மனைவி அரை நாள் லீவு சொல்லிவிட்டு வந்தாள். மூன்று பேரும் போனோம்.

அலுவலகத்தின் நடைக்கூடத்தில் நீளமான பெஞ்சுகள். அவற்றில் அப்பா அம்மாக்கள் தம் பிள்ளைகளை மடியில் வைத்துக்கொண்டு மற்ற பிள்ளைகளை எடை போட்டுக்கொண்டிருந்தார்கள். எனக்குப் பக்கத்தில் இன்ஷூரன்ஸ் ஏஜென்ட் ஒருவர்.

“உங்க பொண்ணு எந்த நிலையில இருக்கா?” என்றார்.

“இப்பதான் சார் உள்ள வந்திருக்கோம்.”

“அதில்லீங்க, மன வளர்ச்சியில. எங்க பையன் இன்னும் வாய்ப் பருவத்தைத் தாண்டல. எதைக் கண்டாலும் கடிக்கறான். நேத்து என் விசிட்டிங் கார்டைத் தின்னுட்டான். டாக்டர் ரொம்ப நல்ல அறிகுறின்னு சொல்லிட்டார்.”

எதிரே இருந்த அம்மாள், தன் மகளுக்கு ஆளுமை இன்னும் உருவாகவில்லை என்றும், அதற்காக அவளைச் சனிக்கிழமைதோறும் ஒரு வகுப்புக்கு அனுப்புவதாகவும் சொன்னார். அந்தப் பெண் பெஞ்சுக்கடியில் ஊர்ந்து போய் யாருடைய செருப்பையோ யாருடைய காலிலோ மாட்டிக்கொண்டிருந்தாள். எனக்குத் தெரிந்தவரை ஆளுமை போதுமான அளவுக்கு இருந்தது.

அதிகாரிகளுக்குப் பெஞ்சுக்காரர்கள் பெயர் வைத்திருந்தார்கள். முதல் அறையில் இருந்தவர் ‘கிளாஸ் சார்’. இரண்டாவது அறையில் ‘கண்ணீர் மேடம்’. மூன்றாவது அறையில் ‘மிட்டாய் சார்’. இவர்களுக்கெல்லாம் மேலே ‘பெரிய சார்’.

கிளாஸ் சாரின் மேஜையில் ஒரே மாதிரி இரண்டு குட்டைக் கிளாஸ்கள் இருந்தன. இரண்டிலும் ஒரே அளவு தண்ணீர். பக்கத்தில் ஒல்லியாக, உயரமாக ஒரு கண்ணாடிக் குழாய்.

“பாப்பா, இந்த ரெண்டு கிளாஸ்லயும் தண்ணி ஒரே அளவா?”

வாலு குனிந்து, கண்ணை மேஜை மட்டத்துக்குக் கொண்டு வந்து பார்த்தாள். “ஒரே அளவு.”

அவர் ஒரு கிளாஸை எடுத்து, தண்ணீரை உயரக் குழாயில் ஊற்றினார். மந்திரவாதி மாதிரி இரண்டு கையையும் விரித்தார். “இப்ப எதுல தண்ணி அதிகம்?”

“கிளாஸ்ல.”

கிளாஸ் சார் திறந்த பேனாவை மூடினார். “குழாய்ல இல்லையா? நல்லாப் பாரு. எவ்வளவு உயரமா இருக்கு!”

“அது ஒல்லி. அதனால உயரமா ஏறுது. அதே தண்ணிதானே, நீங்கதானே ஊத்தினீங்க? ஆனா ஊத்தும்போது மேஜையில கொஞ்சம் சிந்திட்டீங்க. அதனால குழாய்ல கொஞ்சம் கம்மி.”

அவர் மேஜையைப் பார்த்தார். சிந்தியிருந்தது. மூன்று வருடமாகச் சிந்திக்கொண்டிருக்கிறது போலும், மேஜையின் அந்த மூலையில் பலகை உப்பிப் போயிருந்தது. அவர் முகத்தில் ஈயாடவில்லை.

“இந்தக் குழந்தைக்கு வயசென்ன?”

“அஞ்சரை சார்.”

“விதிப்படி ஏழு வயசுக்குக் கீழ இருக்கற குழந்தை, உயரமா இருக்கறதுலதான் தண்ணி அதிகம்னு சொல்லணும். அது அந்தப் பருவத்தோட இலக்கணம். இவ சொன்னது ஏழு வயசுப் பதில்.”

“பதில் சரிதானே சார்?”

“சரி தப்புன்னு நாங்க பாக்கறதில்லீங்க. அதுக்குப் பள்ளிக்கூடம் இருக்கு. நாங்க வயசுக்கு ஏத்ததான்னு மட்டும்தான் பாப்போம். முதல் படியில கால் வைக்காம ரெண்டாவது படியில நிக்கறா. எப்படி வந்தா? யார் தூக்கி வச்சது?”

நான் தயங்கிக்கொண்டே சொன்னேன். “சார், நான் குழாய் வேலை பாக்கறவன். அவ என்கூட வருவா. டாங்க்லேர்ந்து பைப், பைப்புலேர்ந்து பக்கெட்னு தினமும் பாக்கறா. வேற யாரும் சொல்லித் தரல.”

அவர் படிவத்தில், ‘சூழல் மாசு: தந்தை’ என்று எழுதிக்கொண்டார்.

இரண்டாவது அறை பிரிவாற்றாமைப் பிரிவு. அங்கே சோதனை மிக எளிது. தாய் மூன்று நிமிடம் வெளியே போக வேண்டும். குழந்தை அழ வேண்டும். தாய் திரும்பி வந்ததும் நிறுத்த வேண்டும். அழுகை தொடங்கும் நேரம், ஓங்கும் நேரம், ஓயும் நேரம் மூன்றையும் குறிப்பதற்குக் கண்ணீர் மேடம் கையில் ஒரு ஸ்டாப்வாட்ச் வைத்திருந்தார்.

மனைவி எழுந்து போனாள். வாலு “டாட்டா” காட்டினாள். பிறகு அறையைச் சுற்றிப் பார்த்தாள்.

“ஆன்ட்டி, அந்த வாஷ்பேசின் குழாய் ஒழுகுது.”

“அது இருக்கட்டும் பாப்பா. அம்மா போயிட்டாங்க பாத்தியா?”

“வாஷர் தேஞ்சிருக்கும். அப்பாகிட்ட இருக்கு. மாத்தச் சொல்லட்டுமா?”

மூன்று நிமிடம் முடிந்தது. ஸ்டாப்வாட்ச் ஓடவே இல்லை. நான் வாஷரை மாற்றி முடித்திருந்தேன். மேடம் படிவத்தில், ‘தாயிடம் பற்று காணப்படவில்லை’ என்று எழுதினார். உள்ளே வந்த மனைவி அதை எட்டிப் பார்த்துவிட்டாள். பத்து மாதம் சுமந்தவளுக்கு அலுவலக முத்திரையோடு அப்படி ஒரு வரி! அவள் கண் கலங்கியது. அந்த அறையில் அன்று அழுத ஒரே ஆள் அவள்தான். தாய்மார்கள் அழுவதைக் குறிக்கப் படிவத்தில் கட்டம் இல்லை.

“ஏன்டி, அம்மா போனா உனக்கு ஒண்ணுமே தோணாதா?”

“நீ எங்கேம்மா போனே? கதவுக்குப் பின்னாடிதானே நின்னே. கீழ உன் செருப்பு தெரிஞ்சுது.”

மூன்றாவது அறையில் ஊக்கப் பிரிவு. சிவப்புப் பொத்தானை அமுக்கினால் மணி அடிக்கும், மிட்டாய் சார் ஒரு மிட்டாய் தருவார். குழந்தை மறுபடி அமுக்க வேண்டும். மறுபடி மிட்டாய். இப்படிப் பத்து தடவை அமுக்கினால் கற்றல் நிகழ்ந்துவிட்டதாக அர்த்தம். வாலு ஒரு தடவை அமுக்கினாள், மிட்டாயை வாங்கி வாயில் போட்டுக்கொண்டாள், போதும் என்றாள்.

“இன்னும் தருவேன் பாப்பா. அமுக்கு.”

“பல்லு சொத்தையாயிடும். நீங்க அமுக்குங்க, நான் தரேன்.”

மிட்டாய் சார் சிரித்துக்கொண்டே அமுக்கினார். அவள் அவருடைய டப்பாவிலிருந்தே ஒரு மிட்டாயை எடுத்துக் கொடுத்தாள். அவர் வாயில் போட்டுக்கொண்டு மறுபடி அமுக்கினார். அந்த மனிதர் நல்லவர். காலையிலிருந்து சாப்பிடவில்லையோ என்னவோ. பதினோராவது தடவை அமுக்கும்போதுதான் யார் யாருக்குச் சோதனை நடத்துகிறார்கள் என்பது அவருக்கு உறைத்தது. அவசரமாகப் படிவத்தை எடுத்து, ‘ஒத்துழைப்பு இல்லை’ என்று எழுதினார்.

மூன்று படிவங்களும் பெரிய சாரின் மேஜைக்குப் போயின. அவர் ஒவ்வொன்றையும் இரண்டு முறை படித்தார். பெருமூச்சு விட்டார்.

“உங்க குழந்தைகிட்ட எந்தக் குறையும் இல்லை. அதுதான் குறை.”

“சார், மாசக் கடைசிக்குள்ள சான்றிதழ் குடுக்கலைன்னா ஸ்கூல்ல இடம் போயிடும்.”

“புரியுதுங்க. ஆனா நான் என்ன செய்ய? உலகத்துப் பெரிய பெரிய அறிஞர்களெல்லாம் உக்காந்து, குழந்தைன்னா இப்படித்தான்னு முடிவு பண்ணி வச்சிருக்காங்க. அவங்க சொன்னது தப்பா, உங்க பொண்ணு தப்பா? நீங்களே சொல்லுங்க.”

நான் வாலுவைப் பார்த்தேன். அவள் அவருடைய மேஜைக்கடியில் குனிந்து, ஆடுகிற காலுக்கு ஒரு காகிதத்தை மடித்துச் செருகிக்கொண்டிருந்தாள்.

அவர் எங்கள் மேல் இரக்கப்பட்டு ஓர் ஆணை பிறப்பித்தார். “மேற்படி குழந்தை பதினைந்து நாட்களுக்குள் பின்னோக்கி வளர்ந்து, உரிய நிலையை அடைந்து, மறுபரிசோதனைக்கு ஆஜராகுமாறு இதன்மூலம் கேட்டுக்கொள்ளப்படுகிறது.” பதினைந்தாவது நாள் மாதக் கடைசி நாள். மறுபரிசோதனை ஒரே ஒரு முறைதான்.

வெளியே வந்தபோது இன்ஷூரன்ஸ் ஏஜென்ட் என் தோளைத் தட்டினார். “கவலைப்படாதீங்க. எதிர்ல பாருங்க.”

சாலைக்கு எதிர்ப்புறம் மாடியில் ஒரு பலகை: ‘இயல்பான குழந்தைப் பருவம், பத்தே நாளில்! தண்ணீர், கண்ணீர், பொத்தான் மூன்றுக்கும் தனித்தனிப் பயிற்சி.’ ஏறிப் போனோம். இருபது குழந்தைகள் வரிசையாக உட்கார்ந்து, உயரக் குழாயைக் காட்டி, “இதுல அதிகம், இதுல அதிகம்” என்று ராகம் போட்டுச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். பயிற்சியாளர் அம்மாள் அடுத்த மூன்று மாதத்துக்கு இடமில்லை என்று கையை விரித்துவிட்டார். வாலுவின் படிவங்களைப் பார்த்ததும் அவருக்கே பயம் வந்துவிட்டது. “இவளை உள்ள விட்டா மத்த பசங்களும் கெட்டுடுவாங்க” என்றார்.

ஆகவே வீட்டிலேயே தொடங்கினோம். சமையலறையிலிருந்து இரண்டு டம்ளரும் ஒரு நீள பாட்டிலும் வந்தன.

“வாலு, இதுல எது அதிகம்?”

“ரெண்டும் ஒண்ணு.”

“பாட்டில்தான் அதிகம்னு சொல்லும்மா.”

“ஏன்?”

“அவங்களுக்கு அதுதான் வேணும்.”

“அவங்களுக்குத் தெரியாதா? நான் சொல்லித் தரேன்.”

நான்கு நாள் இப்படியே போயிற்று. நான் கெஞ்சினேன். மனைவி மிரட்டினாள். வாலு ஒவ்வொரு முறையும் தண்ணீரைத் திருப்பி டம்ளரில் ஊற்றிக் காட்டி எங்களுக்குப் பொறுமையாக விளக்கினாள். ஐந்தாம் நாள் எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. “இப்படியே பேசினா உனக்குப் பள்ளிக்கூடமே கிடையாது!” என்று கத்திவிட்டேன்.

அவள் பாட்டிலையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். அந்த நேரத்தில் எனக்கு என் மேலேயே வெறுப்பாக இருந்தது.

“பொய் சொல்லச் சொல்றியாப்பா?”

“பொய் இல்லடா கண்ணு. அது வந்து… ஆபீஸுக்குச் சொல்ற பதில்.”

அவள் முகம் மெல்ல மலர்ந்தது. “ஓ! ஆபீஸ் பதில் வேற, வீட்டுப் பதில் வேறயா? அதை முதல்லயே சொல்லியிருக்கலாம்ல?”

அதன் பிறகு எல்லாம் மளமளவென்று நடந்தது. எதைக் கேட்டாலும், “ஆபீஸ் பதிலா, வீட்டுப் பதிலா?” என்று முதலில் கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்வாள். பிறகு கேட்டதைக் கேட்டபடி தருவாள். அழுகையில் அவளை மிஞ்ச ஆளில்லை. மனைவி வாசலைத் தாண்டியதும் அவள் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டுக்காரர்கள் ஓடி வந்துவிட்டார்கள். மனைவியும் பதறிப் போய் ஓடி வந்தாள். “அம்மா, இது ஆபீஸ் அழுகை. நீ ஏன் பாதியில வந்தே?” என்று கண்ணைத் துடைத்துக்கொண்டே கேட்டாள் வாலு. மனைவிக்குச் சிரிப்பு வரவில்லை. அன்று அவள் சரியாகச் சாப்பிடவில்லை.

மாதக் கடைசி நாள் வந்தது. கிளாஸ் சார் தண்ணீரை ஊற்றினார், வழக்கம்போல் சிந்தினார், கையை விரித்தார்.

வாலு கண்ணை அகல விரித்தாள். “ஐயோ! இந்தக் குழாய்ல எவ்வளவு தண்ணி! மாமா, இவ்வளவு தண்ணி எங்கேருந்து வந்துது?”

கிளாஸ் சாருக்கு மூன்று வருட சர்வீஸில் இப்படி ஒரு பதில் கிடைத்ததில்லை. பக்கத்து அறையிலிருந்தவர்களைக் கூப்பிட்டு இன்னொரு முறை சொல்லச் சொன்னார். அவள் சொன்னாள். இரண்டாவது அறையில் அவள் அழுத அழுகையில் கண்ணீர் மேடம் ஸ்டாப்வாட்சை நிறுத்த மறந்து மூக்கைச் சிந்தினார். மூன்றாவது அறையில் பொத்தானைப் பன்னிரண்டு முறை அமுக்கினாள். மிட்டாய்களைச் சாப்பிடாமல் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டதை நான் கவனித்தேன். மிட்டாய் சார் கவனிக்கவில்லை.

பெரிய சார் தானே எழுந்து வந்து சான்றிதழைக் கொடுத்தார். குறிப்புப் பகுதியில், ‘வயதுக்கேற்ற அறியாமை முழுமையாக உள்ளது. வளர்ச்சி மிகவும் திருப்திகரம்’ என்று எழுதியிருந்தது. வாலுவின் கன்னத்தைத் தட்டினார்.

“பாப்பா, இந்த ஆபீஸ் உனக்குப் பிடிச்சிருக்கா?”

“ரொம்பப் பிடிச்சிருக்கு மாமா. இங்க எல்லாரும் ரொம்ப புத்திசாலி.”

அறையே கை தட்டியது. நடைக்கூடத்திலிருந்து எட்டிப் பார்த்த பெற்றோரும் தட்டினார்கள். பையனோடு மறுபடி வந்திருந்த இன்ஷூரன்ஸ் ஏஜென்ட் அந்த வாக்கியத்தைத் தன் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார். பெரிய சாரின் கண்கள் பனித்தன. “பாத்தீங்களா? மனசுல பட்டதை அப்படியே சொல்லுது. குழந்தைங்களுக்குப் பொய் பேசத் தெரியாது சார், அதான் நம்ம துறையோட அடிப்படையே!” என்றார். நானும் தட்டினேன். எல்லாரையும்விடக் கொஞ்சம் பலமாகவே தட்டினேன்.

மூன்று மணி நாற்பது நிமிடத்துக்குப் பள்ளி அலுவலகத்தில் சான்றிதழைக் கொடுத்தோம். குமாஸ்தா அதைப் படிக்காமலேயே துளை போட்டுக் கோர்த்தார். வாலுவுக்கு இடம் உறுதியாயிற்று. கேட்டுக்கு உள்பக்கமாக ஒரு முறை நிமிர்ந்து நின்று பார்த்துவிட்டு வந்தாள்.

வீட்டுக்கு நடந்து வரும்போது மனைவி நாலடி முன்னால் போனாள். பதினைந்து நாளாகக் குழந்தையை ஆட்டிப் படைத்ததெல்லாம் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. யாராவது ஒருவர் ஒரு வார்த்தை சொன்னால் தேவலை என்றிருந்தது. குனிந்து வாலுவிடம் கேட்டேன்.

“கண்ணு, அப்பா செஞ்சது சரிதானேம்மா?”

அவள் நடையை நிறுத்தி என் முகத்தை அண்ணாந்து பார்த்தாள். “ஆபீஸ் பதில் வேணுமா, வீட்டுப் பதில் வேணுமா?”

மனைவி திரும்பி என்னைப் பார்த்தாள். நான் அவள் பக்கம் பார்க்காமல் வாலுவின் கையைப் பிடித்துக்கொண்டேன்.

“ஆபீஸ் பதிலே சொல்லும்மா.”

“ரொம்பச் சரிப்பா. உன்னை மாதிரி அப்பா யாருக்குமே கிடைக்க மாட்டாங்க.”

எனக்கு நிம்மதியாக இருந்தது.